துர்சுனாயின் அந்த ஐந்து கிரெடிட்

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். பிஷ்கேக்கில் எங்கள் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டப் பிரிவுக்கு அந்தப் பூசாரி நான்தான். பெயர் மைராம். பதினெட்டு வருடமாக ஒரே மேசை, ஒரே நாற்காலி. வெளிநாட்டில் பாதி படித்துவிட்டு வருகிறவர்களின் காகிதங்களைப் பார்த்து, எத்தனை கிரெடிட் எங்கள் கணக்கில் சேரும், எத்தனை சேராது என்று குழுவுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. யார் உள்ளே வந்தாலும் முதலில் "முடியாது" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் "என்ன வேணும்?" என்று கேட்பேன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி பொய்.

இந்தக் கதை என்னைப் பற்றியது அல்ல. மண்ணியல் துறையில் விரிவுரையாளராக இருக்கும் துர்சுனாயைப் பற்றியது. ஆனால் அவளுக்கு நடந்ததில் என் வாய்க்கும் பங்கு இருப்பதால் என்னை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

துர்சுனாய் அத்பாஷி என்ற மலையூர்க்காரி. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை, இவளாவது தங்கட்டும் என்று அம்மா வைத்த பெயர். தங்கினாள். பதினேழு வயதில் பிஷ்கேக்குக்குப் படிக்க வந்து, படித்த துறையிலேயே வேலைக்குச் சேர்ந்து, ஒரு வண்டி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, இருபது வருடம் ஓட்டிவிட்டாள். மேய்ச்சல் நிலத்து மண்ணில் எவ்வளவு சத்து மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. கோடை முழுக்க மலையில் ஆட்டு மந்தைக்குப் பின்னால் மண் அள்ளிக்கொண்டு திரிவாள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மாணவர்கள் கழுவாமல் விட்டுப்போன ஜாடிகளை அவளே கழுவி வைப்பாள். இப்படி ஒருத்தி எந்த அலுவலகத்தில் இருந்தாலும் எல்லோரும் தலையில் ஏறி உட்காருவார்கள். ஏறி உட்கார்ந்தார்கள்.

நாற்பது வயதில் அவளுக்கு முனைவர் பட்டம் படிக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது என்ன, படிக்காவிட்டால் வேலை நிலைக்காது என்று துறையில் பயமுறுத்தினார்கள். அந்த வருடம் எங்களிடம் மண்ணியலில் இடம் இல்லை. பக்கத்து நாட்டில், அல்மாத்தியில் ஒரு பல்கலைக்கழகம் அரசு உதவியோடு இடம் கொடுத்தது. ஞாயிறு சாயங்காலம் வேனில் ஏறுவாள், எல்லையில் இறங்கி வரிசையில் நின்று கடந்து, மறுபக்கம் வேறு வேனில் ஏறி, நாலு மணி நேரப் பயணம் ஆறு மணி நேரமாகிப் போய்ச் சேருவாள். வெள்ளிக்கிழமை திரும்பி வந்து, சனிக்கிழமை துணி துவைத்து, ஒரு வாரத்துக்கு சூப்பும் மாவும் தயார் பண்ணி வைத்துவிட்டு, மறுபடி ஞாயிறு. இரண்டு வருடம். அவள் புருஷன் தாலாய் நல்ல மனுஷன்தான். "எனக்குப் பொண்டாட்டி இருக்கா, ஆனா பாஸ்போர்ட் காட்டினாத்தான் பாக்க முடியும்" என்று வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பானாம்.

பாடப் பகுதி முழுதும் முடித்தாள். எட்டுப் பாடம், நாற்பது கிரெடிட், எட்டிலும் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண். ஆய்வேடு எழுத உட்கார வேண்டிய நேரத்தில் அவளுடைய வழிகாட்டி வேலையை விட்டு அயல்நாடு போய்விட்டார். அதே மாதம் வெளிநாட்டு மாணவர்களுக்கான உதவியும் நின்றது. மதிப்பெண் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதை உங்க ஊர்லயே சேத்துக்கச் சொல்லுங்க, பக்கத்து நாடுதானே" என்று அனுப்பிவிட்டார்கள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பது இதுதான்.

இங்கே எங்கள் ஆட்கள் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். செப்டம்பரிலிருந்து முனைவர் பட்டம் இல்லாத விரிவுரையாளர்கள் ஆய்வக உதவியாளர்களாக இறக்கப்படுவார்கள். முனைவர் படிப்பில் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆக, துர்சுனாயின் நாற்பது கிரெடிட்டை நாங்கள் ஏற்றுக்கொண்டால் அவள் நேராக மூன்றாம் ஆண்டு. ஏற்காவிட்டால் நாற்பத்திரண்டு வயதில் முதலாம் ஆண்டு, தான் பாடம் நடத்திய பிள்ளைகளுக்கு ஜாடி எடுத்துக் கொடுக்கும் வேலை.

மார்ச் மாதம் காகிதங்களோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"எஜே, ஒரு நிமிஷம்" என்றாள். மூத்தவளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"முடியாது" என்றேன். "என்ன வேணும்?"

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். "மதிப்பெண் மட்டும் பத்தாது பொண்ணே. ஒவ்வொரு பாடத்துலயும் என்ன நடத்தினாங்க, எத்தனை மணி நேரம்னு பாடத்திட்டம் வேணும். அவங்க முத்திரை போட்டு, தைச்சுக் குடுக்கணும். நம்ம பாடத்தோட நூத்துக்கு எம்பதாவது ஒத்துப் போனாத்தான் கிரெடிட்."

"வாங்கிட்டு வந்திருக்கேன் எஜே." பையிலிருந்து எடுத்தாள். முப்பத்தாறு பக்கம், இடது ஓரத்தில் மூன்று துளை போட்டு வெள்ளை நூலால் தைத்து, பின்னால் முடிச்சின் மேல் சின்னக் காகிதம் ஒட்டி, அந்தக் காகிதத்தின் மேல் பாதியும் பக்கத்தின் மேல் பாதியுமாக வட்ட முத்திரை. அழகான வேலை. எனக்கே பொறாமையாக இருந்தது.

"கஜக் மொழியில இருக்கே?"

"உங்களுக்குப் புரியாதா எஜே?"

"எனக்கு நல்லாப் புரியும். குழுவுக்கும் நல்லாப் புரியும். ஆனாலும் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கிட்டு வா. நமக்குப் புரியறது சட்டத்துக்குப் புரியாது."

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த வருடத்தில் அந்த ஒரு தடவைதான். சரி, உட்கார் என்று டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். ஏழு பாடத்தின் தேர்வு தேதிகள் வரிசையாக இருந்தன. எட்டாவது, மண்ணாய்வுப் புள்ளியியல், ஐந்து கிரெடிட், ஜனவரி பதினேழு. எனக்கு அந்தத் தேதி எங்கேயோ இடித்தது. அந்த வாரம்தான் மண்ணியல் துறைக்காரர்கள் துர்சுனாயின் அம்மா இறந்துவிட்டார் என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாவும் எண்ணெயும் அனுப்பினார்கள். நானும் போட்டேன்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஏம்மா, உங்கம்மா தவறினது அப்பத்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "பதினஞ்சாம் தேதி சாயங்காலம் போன் வந்துச்சு. பதினேழு அடக்கம். அதே பதினேழு காலைல ஒம்போது மணிக்குப் பரீட்சை. மறுபடி எழுதணும்னா அடுத்த ஜனவரி. அதுவரைக்கும் உதவித்தொகை நின்னுபோகும், படிப்பே போயிரும்னாங்க. மலைப்பாதைல வேற பனி, போனாலும் நேரத்துக்குப் போவேனான்னு தெரியல. எழுதிட்டுப் போயிரலாம்னு நெனச்சேன் எஜே."

"அப்புறம்?"

"எழுதிட்டுப் போனேன். மறுநாள்தான் போய்ச் சேந்தேன். எங்கண்ணன் ரிஸ்பெக் வாசல்லயே நின்னு, 'வாங்க டாக்டரம்மா, பரீட்சை நல்லா எழுதினீங்களா?'ன்னு கேட்டான். அதுக்கப்புறம் இன்னை வரைக்கும் எங்கிட்டப் பேசல."

பெற்ற அம்மாவின் அடக்கத்துக்கு மகள் இல்லை என்றால் எங்கள் ஊரில் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். இன்னொரு கோப்பை டீ ஊற்றினேன்.

"இது வீணாப் போகக் கூடாது எஜே" என்றாள் எழுந்திருக்கும்போது. "இந்த எட்டும் சேந்துச்சுன்னா, ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் போகாம இருந்தேன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். சேரலன்னா நான் என்னத்தைச் சொல்ல?"

"சேரும், போ" என்றேன். பதினெட்டு வருடத்தில் குழு கூடுவதற்கு முன்னால் யாருக்கும் அப்படி நான் வாக்குக் கொடுத்ததில்லை. பாடத்திட்டங்களை எங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். எட்டும் தொண்ணூறுக்கு மேல் ஒத்துப்போயின. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம்.

இனிமேல்தான் என் வாயின் பங்கு வருகிறது.

அந்த வருடம் எங்களுக்குக் கணினியில் புதிதாக ஒரு வழி வைத்தார்கள். இனி எல்லாக் காகிதத்தையும் முதலில் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும், கணினி பார்த்துச் சரி என்றால்தான் மூலத்தைக் குழு பார்க்கும். ஏப்ரலில் துர்சுனாய் ஏற்றினாள். திருப்பி அனுப்பியது. மறுபடி ஏற்றினாள், மறுபடி திருப்பி அனுப்பியது. தைத்த கட்டைப் பிரித்து வைத்தால் நடுவில் வளையும் அல்லவா, அந்த வளைவில் நிழல் விழுந்து எழுத்து மறைகிறதாம். அப்போது அந்த இணைய வேலையால் எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது போன். நாற்பத்தொன்றாவதாக இவள்.

"எஜே, ஓரத்துல நிழல் விழுதுன்னு திருப்பித் திருப்பி அனுப்புது. என்ன பண்றது?"

"நிழல் விழாம அனுப்பு! பக்கம் தட்டையா இருக்கணும், அவ்வளவுதான். எப்படியாவது தட்டையாக்கி அனுப்பும்மா, என்னைப் போட்டு ஏன் படுத்தற?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

நான் சொன்னதை அவள் செய்தாள். ஆய்வகத்தில் இருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, நூலை நறுக்கி, பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்ணாடியில் தட்டையாக வைத்து ஸ்கேன் எடுத்து அனுப்பினாள். கணினிக்குப் பிடித்துப்போயிற்று. பச்சை நிறத்தில் 'ஏற்கப்பட்டது' என்று காட்டியது. மே மாதம் மூலத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக என்னிடம் வந்தாள். அதே மூன்று துளைகள் வழியாகப் புது நூல் கோத்து, அவளே நேர்த்தியாகத் தைத்திருந்தாள்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முத்திரைக் காகிதம் இரண்டாகக் கிழிந்து இருந்தது.

"அடிப்பாவி, என்ன பண்ணி வெச்சிருக்க!"

"நீங்கதானே எஜே தட்டையா..."

"தட்டையான்னா பிரின்னா சொன்னேன்? இருபது வருஷமா நீ இந்த நாட்டுல அரசாங்க வேலை பாக்கறியா, இல்ல நிலாவுல பாக்கறியா? தைச்ச கட்டைப் பிரிச்சா அது செத்த காகிதம்னு பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்! இதுல எந்தப் பக்கத்தை எடுத்துட்டு எந்தப் பக்கத்தை வெச்சன்னு யாரு கண்டா?"

"நான் எதையும் மாத்தல எஜே."

"எனக்குத் தெரியும்டி! எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது?"

அவள் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் கிழிந்த காகிதத்தை விரலால் ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். எனக்கு வந்த கோபம் அவள் மேல் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் மேல்தான் கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வேறு வழி இல்லை. மறுபடி அல்மாத்தி போய்ப் புதிதாக ஒரு கட்டு வாங்கி வர வேண்டும். குழு ஜூன் இருபதாம் தேதி கூடுகிறது. ஜூன் முதல் வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். நாலு நாள் அங்கே தங்கினாள். நாலாம் நாள் எனக்குப் போன் பண்ணினாள்.

"குடுத்துட்டாங்க எஜே. தைச்சு, முத்திரையெல்லாம் போட்டுட்டாங்க."

"அப்பாடா" என்றேன்.

"ஆனா பழைய பாடத்திட்டம் ஆவணக் காப்பகத்துல இருக்காம். அதைப் பாக்கற அம்மா லீவாம், செப்டம்பர்லதான் வருவாங்களாம். அதனால கம்ப்யூட்டர்ல இப்ப இருக்கற திட்டத்தை எடுத்துக் குடுத்திருக்காங்க. ஏழு பாடம் அப்படியேதான் இருக்கு. ஒண்ணுல மட்டும் மணி நேரம் கொறஞ்சிருக்கு."

எது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. மண்ணாய்வுப் புள்ளியியல். அவள் எழுதியபோது ஐந்து கிரெடிட்டாக இருந்த பாடத்தை, அவள் வந்த பிறகு மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். எங்களிடம் அது ஐந்து. ஐந்துக்கு மூன்று என்றால் அறுபது சதவீதம். எண்பது வேண்டும்.

குழுவுக்கு நான் செயலாளர். பேசக் கூடாது, எழுத வேண்டும், அதுதான் முறை. தலைவர் ஜோல்தோஷ் பேராசிரியர், அறுபத்தாறு வயது, எங்களுக்கெல்லாம் 'பைகே', அதாவது பெரியண்ணன், கெட்டவர் இல்லை, சலித்துப்போன மனுஷன். அன்றைக்கு இருபத்து மூன்று கோப்புகள். மின்விசிறி ஓடவில்லை. துர்சுனாயின் கோப்பு பதினெட்டாவதாக வந்தது.

"ஏழு பாடம் சரி" என்றார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "எட்டாவது, பட்டியல்ல அஞ்சுன்னு இருக்கு, பாடத்திட்டத்துல மூணுன்னு இருக்கு. ரெண்டுல எதை நம்பறது?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"ஜோல்தோஷ் பைகே, பழைய திட்டத்தோட ஸ்கேன் கணினியில இருக்கு. அதுல அஞ்சுதான். நானே பாத்தேன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், சுவர் பேசினால் பார்ப்பதுபோல.

"அதோட மூலம் எங்க?"

"நூல் பிரிஞ்சுபோச்சு பைகே."

"தானாப் பிரிஞ்சுதா?"

"நான்தான் தட்டையாக்கி அனுப்பச் சொன்னேன். போன்ல கத்தினேன். அந்தப் பொண்ணு பயந்துபோய் வெட்டிட்டா. தப்பு என்னுது."

ஜோல்தோஷ் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். "அப்ப உங்க மேலயும் ஒரு குறிப்பு எழுதணுமே மைராம்."

"எழுதுங்க. எழுதிட்டு அந்த அஞ்சைக் குடுத்துருங்க."

"உங்க மேல குறிப்பு எழுதறதால பிரிஞ்ச நூல் ஒட்டிக்குமா?" என்றார். குரலில் கேலி இல்லை. "நூல் அறுந்த கட்டுல எந்தப் பக்கத்தை வேணும்னாலும் சொருகலாம். அவங்க சொருகல, நானும் நம்பறேன். போன வருஷம் ஒருத்தர் சொருகினார், ஞாபகம் இருக்கா? அப்ப யாரு கண்டுபிடிச்சா? நீங்கதான்."

நான்தான் கண்டுபிடித்தேன். எல்லோர் முன்னாலும் பெருமையாகப் பேசினேன்.

அந்தத் தேர்வு எந்த நாளில் எழுதப்பட்டது என்று அவர்களுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? "பாவம்" என்பார்கள், அதற்கு எந்த விதியில் கிரெடிட் உண்டு? அதோடு, அதைச் சொல்ல அவள் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

"சரி, இப்படிச் செய்வோம்" என்றார் ஜோல்தோஷ். "முப்பத்தஞ்சு கிரெடிட் ஏற்கலாம். மூன்றாம் ஆண்டுல நிபந்தனையோட சேத்துக்கலாம். புள்ளியியலை மட்டும் ஜூலை அஞ்சாம் தேதிக்குள்ள இங்க மறுபடி எழுதட்டும். இருபது வருஷமா பாடம் நடத்தறவங்க, அவங்களுக்கு அது ஒரு பொருட்டா? எழுதிக்குங்க மைராம்."

எழுதிக்கொண்டேன். என் கையால், என் எழுத்தில்.

வெளியே தாழ்வாரத்தில் அவளுடைய துறைக்காரர்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். முடிவைச் சொன்னதும் கை தட்டினார்கள். "நாப்பதுக்கு முப்பத்தஞ்சா! மைராம் எஜே வாயாலயா! மழைதான் வரும்" என்று ஒருத்தன் கத்தினான். ஒரு பெண் துர்சுனாயைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். ஆய்வக உதவியாளர் வேலை இல்லை, மூன்றாம் ஆண்டு, ஒரே ஒரு பரீட்சை, சும்மா எழுதிவிடலாம். எல்லாம் உண்மைதான்.

அவர்கள் போன பிறகு துர்சுனாய் என்னிடம் கேட்டாள்: "எது எஜே? அதுவா?"

"அதுதான்."

தலையை ஆட்டினாள். "சரி. தேதி சொல்லுங்க, வந்து எழுதறேன்." அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கைப்பையை எடுத்துக்கொண்டு, மாடிப்படி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

ஜூலை மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, இருநூற்றுப் பன்னிரண்டாம் அறை. தேர்வு நடத்த எர்மெக்கைப் போட்டிருந்தார்கள். முப்பத்தொரு வயது, வெளியே படித்துச் சீக்கிரமே டாக்டர் ஆகி வந்தவன், துர்சுனாயின் பழைய மாணவன். வாய்மொழித் தேர்வில் சாட்சிக்கு ஒரு ஆள் உட்கார வேண்டும் என்பதால் நானும் போனேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், எனக்கு மனசு வரவில்லை.

எர்மெக் கேள்விச் சீட்டுகளை மேசையில் கவிழ்த்துப் பரப்பி வைத்துவிட்டு, கூச்சத்தில் காதெல்லாம் சிவந்து நின்றான். "எஜே, நீங்க சீட்டெல்லாம் எடுக்க வேண்டாம். எனக்கு இந்தப் பாடத்தோட ஆனா ஆவன்னா சொல்லிக்குடுத்ததே நீங்கதான். சும்மா பத்து நிமிஷம் பேசிட்டு இருப்போம், நான் மார்க் போட்டுடறேன்."

"இல்லப்பா. முறைப்படி நடக்கட்டும். அப்புறம் அதுவும் செல்லாதுன்னு வந்துடும்" என்று சொல்லி, ஒரு சீட்டை எடுத்துத் திருப்பினாள்.

இரண்டு கேள்விகள். உட்கார்ந்து, குறிப்பு எழுதக்கூட இல்லாமல், நேராகச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மலைச்சரிவில் மண் மாதிரி எடுக்கும்போது எத்தனை இடத்தில் எடுத்தால் நம்பலாம், எங்கே எடுத்தால் ஏமாறுவோம் என்று. எனக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது, ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. கரும்பலகைக்கு எழுந்து போய் ஒரு கோடு போட்டாள், அதன் கீழே இன்னொரு கோடு. எர்மெக் மாணவனைப் போலக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் வந்ததுமே அவனால் பொறுக்க முடியவில்லை.

"போதும் எஜே, போதும். அஞ்சு!" என்றான்.

அவள் சாக்பீஸை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எழுந்து போவாள் என்று பார்த்தோம். போகவில்லை.

"அன்னைக்கு அல்மாத்தி வாத்தியாரும் இப்படித்தான் சொன்னார்" என்றாள், எங்கள் யாரையும் பார்க்காமல். "பாதியிலயே நிறுத்தி, 'போதும், அஞ்சு'ன்னார். மணி பதினொண்ணு இருக்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு எஜே. அங்க எங்கம்மாவைக் குழியில இறக்கிட்டு இருந்த நேரம் அது. எனக்கு இங்க சந்தோஷமா இருந்துச்சு. பரீட்சைக்காகப் போகாததை மன்னிச்சுக்கலாம். அந்தச் சந்தோஷத்தை எப்படி மன்னிச்சுக்கறது? வெளிய வந்து கடைல ஒரு சம்சா வாங்கித் தின்னேன். நல்லாப் பசிச்சுது."

எர்மெக் என்னைப் பார்த்தான்.

அப்போது துர்சுனாய் எழுந்து தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். எங்களுக்கும் கதவுக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் சாவு விழுந்தால் வீட்டு வாசலில் போடும் கம்பளிக் கூடாரத்துக்குள் மகள்கள் உட்காருவது அப்படித்தான். வாசலில் யார் வந்தாலும் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடி ஒப்பாரி வைப்பார்கள். அவளுக்கு முதலில் குரல் வரவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். பிறகு வந்தது. "அம்மா" என்று தொடங்கியது. மண்ணியல் துறையில் இருபது வருடமாக யாரும் கேட்டிராத குரல், தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

எர்மெக் மதிப்பெண் தாளில் ஐந்து என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினான். போட்டேன். நாற்பது கிரெடிட் முழுதாகச் சேர்ந்துவிட்டது. அவன் தாளை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

எங்கள் ஊரில் ஒருத்தியைத் தனியாக அழ விடமாட்டோம். நானும் என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், அவள் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் தோளில் கையைப் போட்டு, அவளுடைய அம்மாவுக்காக நானும் குரல் எடுத்தேன். அடுத்த தேர்வுக்குக் காத்திருந்தவர்கள் பதினொன்றரை மணிவரைக்கும் கதவைத் தட்டவில்லை.